கண்மாயில் ஒரு சதுர மீட்டர்

நான்காம் பருவத்தின் முதல் வகுப்பில் எங்கள் பேராசிரியர் 'களப்பணி' என்ற சொல்லை உச்சரித்ததும், தாவரவியல் இரண்டாமாண்டு வகுப்பு முழுவதும் கை தட்டியது. களப்பணி என்றால் பேருந்து, பேருந்து என்றால் கொடைக்கானல், கொடைக்கானல் என்றால் மூன்று நாள் என்று கடைசி பெஞ்சு அதற்குள் கணக்குப் போட்டுவிட்டது. முதுமலை என்று ஒருவர் திருத்தினார். பிச்சாவரம் என்றார் இன்னொருவர். பேராசிரியர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கல்லூரியிலிருந்து மூன்று கிலோமீட்டர் தொலைவிலுள்ள கண்மாயின் பெயரைச் சொன்னார். "நடந்தே போய்விடலாம், செலவு கிடையாது" என்றும் சேர்த்துக்கொண்டார்.

வகுப்பு அடங்கிப் போயிற்று. எனக்கோ உள்ளூரச் சிரிப்பு. கமுதிக்குத் தெற்கே ஒரு சிற்றூரில், கண்மாய்க் கரைக்குக் கீழேதான் எங்கள் வீடு. நடக்கத் தெரிந்த நாள் முதல் ஆட்டுக்குட்டிகளுக்குப் பின்னால் அந்த உள்வாயில் அலைந்தவள் நான். கண்மாயைப் பார்க்கவா விடுதியில் இடம் பிடித்து, இவ்வளவு தூரம் பட்டப்படிப்புப் படிக்க வந்தேன் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு மூன்று வாரம்தான் நிலைத்தது.

பாடம் முதலில் கரும்பலகையில் நடந்தது. 1866-இல் எர்ன்ஸ்ட் ஹெக்கல் என்ற ஜெர்மானிய அறிஞர் இத்துறைக்குப் பெயர் வைத்தார். அந்தப் பெயரின் வேர்ச்சொல்லுக்குக் கிரேக்க மொழியில் வீடு என்று பொருள். 1935-இல் டான்ஸ்லி என்ற ஆங்கிலேயத் தாவரவியலறிஞர், உயிர்களையும் அவை வாழும் மண், நீர், காற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும் 'சூழ்நிலைத் தொகுப்பு' என்ற கருத்துக்குப் பெயர் தந்தார். இவை இரண்டும் இரண்டு மதிப்பெண் வினாக்கள். மனப்பாடம் செய்துவிட்டேன், அதோடு சூழ்நிலையியல் எனக்கு வந்துவிட்டதாகவும் எண்ணிக்கொண்டேன்.

அடுத்த வாரம் அயல்நாட்டிலிருந்து வந்து ஊடுருவிப் பரவும் தாவரங்களைப் பற்றிய வகுப்பு. ஆகாயத்தாமரை, உண்ணிச்செடி, பார்த்தீனியம், சீமைக்கருவேல் என்று நான்கு பெயர்களைப் பேராசிரியர் பலகையில் எழுதினார். நான்குமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. சீமைக்கருவேல் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விறகுக்காகவும் வறண்ட நிலத்தைப் பசுமையாக்கவும் என்று இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்டது. புரோசோபிஸ் ஜூலிஃபுளோரா என்று புத்தகத்தில் படித்திருந்தோம். 2022-இல் வெளிவந்த வகைப்பாட்டு ஆய்வு அதை நெல்டுமா என்ற பேரினத்துக்கு மாற்றிவிட்டது. ஆக, தேர்வுக்கு இரண்டு பெயர்களையும் படிக்க வேண்டும். மரத்துக்கு இந்தச் செய்தி எட்டியதாகத் தெரியவில்லை. அது பழையபடியே முள்ளோடு நிற்கிறது.

"காற்றில் இருக்கிற ஈரத்தைக்கூட உறிஞ்சிவிடுமாமே சார்?" என்று ஒரு மாணவர் கேட்டார். எங்கள் எல்லோருடைய கைப்பேசிக்கும் வந்த செய்திதான் அது.

"அளந்தவர் யார்?" என்றார் பேராசிரியர். "வேர் ஆழமாகப் போவதை அளந்திருக்கிறார்கள். அதன் அடியில் மற்றச் செடிகள் குறைவதை எண்ணியிருக்கிறார்கள். இலைச்சாறு சில விதைகள் முளைப்பதைத் தடுப்பதைச் சோதித்திருக்கிறார்கள். காற்றில் உள்ள ஈரத்தைப் பற்றிச் சொன்னவர் எதைக்கொண்டு அளந்தார் என்று கேளுங்கள். செய்தி வேறு, அளவு வேறு."

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "அதை வெட்டிக் கரி போட்டுப் பிழைக்கிறவங்க இருக்கிறவரைக்கும் அது ஒழியாது சார்."

வகுப்பு சிரித்தது. நான் குறிப்பேட்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். என் அய்யா கரிமூட்டம் போடுகிறவர். கல்லூரியில் சேர்ந்த அன்று தந்தையின் தொழிலைக் கேட்ட இடத்தில் 'விவசாயம்' என்று எழுதினேன். அரைக் குறுக்கம் மானாவாரி நிலம் இருப்பதால் அது முழுப் பொய்யும் அல்ல. ஆனால் தேர்வுக் கட்டணமும், விடுதிக்குக் கொண்டுவந்த பெட்டியும், இதை எழுதுகிற பேனாவும் அந்த நிலத்திலிருந்து வந்தவை அல்ல.

மூட்டம் போடுவதைப் பார்த்திராத நண்பர்களுக்காகச் சொல்கிறேன். வெட்டிய கட்டைகளை வட்டமாக அடுக்கிக் குவித்து, மேலே செத்தை பரப்பி, ஈரமண் பூசி மூடுவார்கள். உள்ளே தீ வைத்துவிட்டு, காற்றுப் போக அங்கங்கே துளை விடுவார்கள். அதன்பின் இரவும் பகலும் காவல்தான். மண்ணில் ஒரு விரிசல் விழுந்தால் போதும், காற்றுப் புகுந்து உள்ளே இருப்பதெல்லாம் சாம்பலாகிவிடும். வெள்ளையாக வரும் புகை மெலிந்து நீலம் பாயும் நேரத்தில் துளைகளை அடைக்க வேண்டும். அய்யா அதை இருட்டில் வாசனையைக் கொண்டே சொல்லிவிடுவார். மூட்டம் ஆறிய பின் பிரித்து, கரியைத் தரம் பார்த்துச் சாக்கில் கட்டும் வேலை அம்மாவுடையது. பள்ளி விடுமுறைகளில் என்னுடையதும்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக்கருவேல மரங்களை அகற்ற உத்தரவிட்டபோது நான் ஏழாம் வகுப்பு. எங்களை வரிசையாக அழைத்துப்போய்ப் பள்ளிக்குப் பின்னால் இருந்த கன்றுகளைப் பிடுங்கச் சொன்னார்கள். ஆளுக்கு ஒரு மிட்டாய் கொடுத்தார்கள். மாலையில் வீட்டுக்கு வந்தால், அய்யா அதே மரத்தை வெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். இரண்டும் ஒரே காரியம் என்றுதான் அன்று நினைத்தேன்.

களப்பணி நாள் வந்தது. தண்ணீர் வற்றி மடைப்பக்கம் ஒதுங்கிவிட்டிருந்தது. கரையில் நிற்க வைத்து, ஆளுக்கு ஒரு துண்டுக் காகிதம் கொடுத்து, "இந்த உள்வாயில் எந்தச் செடி அதிகம்? பார்த்து எழுதுங்கள்" என்றார் பேராசிரியர். பெரும்பாலோர் எருக்கு என்று எழுதினோம். சிலர் தும்பை என்று எழுதினார்கள். கண்ணை மூடிக்கொண்டே எழுதியிருப்பேன் நான். கண்மாய் எனக்குத் தெரியாததா? காகிதங்களை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பிறகு கயிறு, முளைக்குச்சி, நூல். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம் கட்டி, அதனுள் இருப்பதையெல்லாம் எண்ண வேண்டும். எங்கே கட்டுவது என்பதில்தான் முதல் தகராறு. மாணவர்கள் நிழலான இடத்தைத் தேடினார்கள். பேராசிரியர் கரையோரமாக ஒரு கயிறும் அதற்குச் செங்குத்தாக இன்னொரு கயிறும் பிடிக்கச் சொல்லி, இரண்டு டம்ளர்களில் எண் எழுதிய சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினார். வந்த இரண்டு எண்களும் சந்திக்கிற இடத்தில்தான் சதுரம். நாலாவது குலுக்கலில் எங்கள் குழுவுக்கு முட்புதர் வந்தது. கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்ளலாமா என்று கெஞ்சினோம். "நீ தள்ளினால் அது நீ விரும்பிய கண்மாய், சீட்டு சொன்னால்தான் இருக்கிற கண்மாய்" என்று சொல்லிவிட்டார்.

எண்ணுவது எளிது என்று நினைக்கிறவர்கள் ஒரு சதுர மீட்டர் கோரையை எண்ணிப் பார்க்க வேண்டும். பிடித்து இழுத்தால் மண்ணுக்குள் ஒன்றோடொன்று கிழங்கால் கோத்திருக்கிறது. இது ஒரு செடியா, பன்னிரண்டா? மண்ணுக்கு மேலே தெரியும் ஒவ்வொரு தூம்பையும் ஒன்றாக எண்ணுவது என்று முடிவு செய்தோம். நூலின் மேலேயே நிற்கும் செடியை என்ன செய்வது? இரண்டு பக்க நூலில் நிற்பதைச் சேர்த்து, மற்ற இரண்டு பக்கத்தை விட்டுவிட வேண்டும். இந்த விதியைத் தொடக்கத்திலேயே தீர்மானித்துக் கடைசிவரை மாற்றக்கூடாது. வெயில் ஏற ஏற, விட்டுவிடும் பக்கத்தின்மேல் எங்களுக்குப் பாசம் கூடியது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மொத்தம் 20 சதுரங்கள். மறுநாள் கணக்குப் போட்டோம். எருக்கு 2 சதுரங்களில் மட்டும் இருந்தது. அதாவது நூற்றுக்கு 10. கோரை 17 சதுரங்களில், நூற்றுக்கு 85. ஒருவருமே பெயர் எழுதாத பொடுதலை 11 சதுரங்களில் தரையோடு தரையாகப் படர்ந்து கிடந்தது. அதன்மேல்தான் அன்று காலையெல்லாம் உட்கார்ந்திருந்தோம். எருக்கு உயரமாக நின்று பூத்ததால் கண் அதையே பார்த்திருக்கிறது. பேராசிரியர் எங்கள் துண்டுக் காகிதங்களைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, ஒன்றும் பேசாமல் அவரவரிடம் திருப்பிக் கொடுத்தார். இருபது ஆண்டுகள் கண்மாயில் வளர்ந்த என் காகிதமும் அதில் இருந்தது.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று பிறகு சொன்னார். அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் பவுண்ட், கிளமெண்ட்ஸ் என்ற இருவர் புல்வெளித் தாவரங்களைப் பற்றி ஆராய்ந்தபோது, கண் மதிப்பீடு ஏமாற்றுவதைக் கண்டு, 1898-இல் சதுரம் போட்டு எண்ணும் முறையை வெளியிட்டார்களாம். அவர்களில் பவுண்ட் பின்னாளில் சட்டம் பக்கம் போய், ஹார்வர்டு சட்டக் கல்லூரியின் தலைவராகவே ஆனார். சாட்சி சொல்லும் கண்ணை நம்பக்கூடாது என்பதைப் புல்வெளியிலேயே கற்றுக்கொண்டு போயிருக்கிறார் போலும்.

அதன்பின் தனிப்பணி. ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் ஓரிடத்தைத் தேர்ந்து, எண்ணி, அறிக்கை எழுத வேண்டும். நான் கயிற்றுச் சுருளோடு ஊருக்குப் போனேன். எங்கள் கண்மாயில் மூன்று விதமான இடங்கள் இருந்தன. கரையை ஒட்டி வெகுகாலமாக வெட்டாமல் நிற்கும் சீமைக்கருவேல்; மூன்று ஆண்டுகளுக்கு முன் ஏலத்தில் விட்டு வெட்டிய நடுப்பகுதி; மடைக்கு அருகே இயந்திரம் விட்டு வேரோடு பறித்துத் தூர் வாரிய பகுதி. ஒவ்வொன்றிலும் மரங்களுக்குப் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டரில் மூன்று சதுரங்கள், அவற்றுக்குள் சிறு செடிகளுக்கு ஒரு மீட்டர் சதுரங்கள் என்று திட்டம்.

கயிற்றைப் பிடித்ததுமே கூட்டம் கூடிவிட்டது. "என்ன தாயி, கம்மாய அளந்து யாருக்குப் பட்டா போடப் போற?" என்று ஒரு பெரியவர் கேட்டார். மறுபடியும் ஏலம் வருகிறதா என்று இன்னொருவர் விசாரித்தார். கரையோரம் கொஞ்சம் உள்ளே தள்ளி வேலி போட்டிருந்த ஒருவர், அந்த மூன்று நாளும் என்னைக் கண்டால் அதிகப்படியான அன்போடு பேசினார்.

வெட்டிய நடுப்பகுதிக்குள் என்னால் நுழையவே முடியவில்லை. அய்யா அரிவாளும் கவைக்கம்பும் கொண்டு வழி செய்தார். ஒரு தூரிலிருந்து ஏழெட்டுக் கிளைகள் சுற்றிலும் எழும்பி, பக்கத்துத் தூரின் கிளைகளோடு பின்னிக் கிடந்தன. எண்ணிக்கொண்டே போவேன், முள் குத்தும், எண் மறந்துவிடும். இரண்டு முறை தொடக்கத்திலிருந்து எண்ணினேன்.

"எண்ணுனதையே திரும்ப எண்ணுற தாயி" என்றார் அய்யா. மடியிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து நீட்டினார். "எண்ணின கம்புல ஒரு கோடு போட்டுக்கிட்டே வா."

எங்கள் செய்முறைக் கையேட்டில் இல்லாத யோசனை. அதற்குப் பிறகு ஒன்றும் தப்பவில்லை. வெட்டாத பகுதியின் மூன்று சதுரங்களில் 26 மரங்கள், அவற்றில் 61 தண்டுகள். வெட்டிய பகுதியின் மூன்று சதுரங்களில் 29 தூர்கள், அவற்றில் 214 தண்டுகள். அடியில் வளர்ந்த செடியினங்கள் வெட்டாத இடத்தில் 4, வெட்டிய இடத்தில் 3. வேரோடு பறித்த இடத்தில் அறுகும், கோரையும், நெருஞ்சியும், கீழாநெல்லியும், சாரணையுமாக 13 இனங்கள். அங்கே இரண்டு இலை விட்ட நாற்றுகள் கொத்துக் கொத்தாக முளைத்திருந்தன. இனம் தெரியாமல் 'அடையாளம் காணப்படாதது' என்று எழுதப் போனேன். அய்யா குனிந்து பார்த்தார்.

"இது நம்ம கருவதான். ஆடு நெத்தத் தின்னுட்டுப் போட்ட புழுக்கையில மொளச்சது. ஒண்ணா மொளச்சிருக்கு பாரு."

சுற்றிப் பார்த்தேன். நாற்றுகளின் காலடியில் புழுக்கை இருந்தது. கால்நடைகளின் வயிற்றின் வழியாகவே இம்மரம் பரவுகிறது என்று விடுதிக்குத் திரும்பியபின் நூலகப் புத்தகத்தில் படித்தேன். ஆறு வயதிலிருந்து அந்த ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனவள் நான்.

அன்றிரவு விளக்கடியில் கணக்கைக் கூட்டினேன். 61, 214 என்ற இரண்டு எண்களையும் அய்யாவுக்கு வாசித்துக் காட்டினேன். நடுப்பகுதியை ஏலம் எடுத்தவருக்காக வெட்டியது அய்யாவும் அவருடைய ஆட்களும்தான். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"வெட்டுனா மூணு மடங்காத் தழையும்" என்றார். "தூர விட்டு வெட்டுறதே அதுக்குத்தான். மூணு நாலு வருசத்துல மறுபடி வெட்டுக்கு வந்திரும்."

"வெட்டுனாப் போதாது, தூரோட எடுக்கணும்னு எழுதப்போறேன் அய்யா" என்றேன். சொல்லும்போது தொண்டை அடைத்தது.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "எழுது. நெசந்தானே" என்றார். சற்றுக் கழித்து, "தூரோட எடுத்துட்டா அடுத்த வெட்டுக்கு நான் எங்கிட்டுப் போறதுன்னும் ஒரு வரி எழுதிக்க" என்று சொல்லிவிட்டு, மூட்டத்துக்குக் காவல் கிடக்கப் போய்விட்டார்.

இரண்டையும் எழுதினேன். முடிவுரைக்கு முன்னால், ஒன்றன்கீழ் ஒன்றாக. அறிக்கையை வகுப்பில் வாசிக்க வேண்டிய நாளில் கால் நடுங்கியது. வாசித்து முடித்ததும் பேராசிரியர் முதலில் கேட்டது அய்யாவின் வரியைப் பற்றி அல்ல.

"வேரோடு பறித்ததால்தான் 13 இனம் வந்தது என்கிறாய். அந்த இடம் எங்கே இருக்கிறது?"

"மடைக்குப் பக்கத்தில் சார்."

"அங்கே ஈரம் நிற்கும். மரம் போனதால் செடி வந்ததா, ஈரம் இருப்பதால் வந்ததா? எண்ணிக்கை சரி. காரணம் சரியா?"

என்னிடம் பதில் இல்லை. மூன்று நாள் முள்ளில் கிடந்து எண்ணியதெல்லாம் போயிற்றே என்று அழுகை வந்தது. மடையைவிட்டுத் தள்ளி வேரோடு பறித்த இடம் ஒன்றும், மடையருகே பறிக்காத இடம் ஒன்றும் இருந்தால்தான் ஒப்பிட முடியும் என்று அவரே பலகையில் படம் வரைந்து காட்டினார். 214 தண்டுகளைப் பற்றி மட்டும் அவருக்கு ஐயம் எழவில்லை. "கரியால் கோடு போட்டு எண்ணியதாக எழுதியிருக்கிறாயே, யார் சொன்ன யோசனை?" என்றார்.

"எங்க அய்யா சார். கரிமூட்டம் போடுறவங்க."

இரண்டாண்டுகளாகச் சொல்லாததைச் சொல்லிவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. அன்று பின்னாலிருந்து பேசியவர்தான் அடுத்து எழுந்தார். மரத்தை ஒழிக்க ஆள் வேண்டும் என்றால் தூர் தோண்டுகிற கூலியை மூட்டம் போடுகிறவர்களுக்கே கொடுக்கலாமே என்றார். அந்த வேலை முடிந்த மறுவருடம் அவர்கள் எங்கே போவார்கள் என்று இன்னொருவர் திருப்பிக் கேட்டார். கண்மாயில் எடுத்துவிட்டு, பட்டா நிலத்தில் மட்டும் வெட்டுக்கு விடலாம் என்றார் ஒருவர். ஆடு கேட்குமா என்றேன் நான். மணி அடித்தும் பேச்சு ஓயவில்லை. வெளியே வரும்போது, முதலாண்டிலிருந்து என் பக்கத்திலேயே உட்காரும் தோழி மெதுவாகச் சொன்னாள்: "எங்கம்மா கரி பொறுக்கத்தான் போறாங்கடி." இரண்டாண்டுகளாக அவளுடைய சாப்பாட்டுப் பாத்திரத்தில் நானும், என்னுடையதில் அவளும் கை வைத்துச் சாப்பிட்டிருக்கிறோம்.

வரும் மூன்றாமாண்டில் அதே சதுரங்களை மறுபடி எண்ணுவதோடு, மடையைவிட்டுத் தள்ளி இரண்டு இடங்களையும் சேர்ப்பதாகத் திட்டம். அதற்காக முளைக்குச்சிகளைப் பிடுங்காமல் விட்டு வந்திருக்கிறேன். சென்ற வாரம் அய்யா விடுதிக்குத் தொலைபேசியில் பேசினார். ஆடு மேய்க்கிற பையன்கள் இரண்டு குச்சிகளைப் பிடுங்கி விளையாடிவிட்டார்களாம். திரும்ப அடித்து வைத்திருக்கிறாராம். இடம் சரிதானா என்று வந்து பார்க்க வேண்டுமாம். சனிக்கிழமை போய் அளந்தேன். ஒரு குச்சி சரியாக இருந்தது. மற்றொன்று ஒரு சாண் உள்ளே தள்ளியிருந்தது. எடுத்து, பழைய குழியிலேயே அடித்துவிட்டு, தேதியிட்டுக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.